ஆற்றங்கரையில் பறக்கும் புஷ்பராகம்

தென் அமெரிக்காவின் வடகோடியில் மிக அடர்ந்த காடுகள் இருக்கின்றன. மரங்கள் 100 அடிக்கு மேல் வளர்ந்து நிற்கும். நடுப்பகலிலும் வெயில் தரையில் விழாது.

அந்தக் காட்டின் நடுவே ஓடைகளும் ஆறுகளும் ஓடுகின்றன. தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் மேலே வானம் கொஞ்சம் தெரியும். பொழுது சாயும் வேளையில், அந்த இடைவெளியில், நெருப்புப் பொறிபோல் ஒரு சிவப்பு பாய்ந்து மறையும்.

அது நெருப்பு அல்ல, ஒரு பறவை! பூவில் தேன் குடித்து வாழும் சின்னஞ்சிறு பறவை.

அதன் ஆங்கிலப் பெயர் "கிரிம்சன் டோபாஸ்." கிரிம்சன் என்றால் செக்கச் சிவப்பு. டோபாஸ் என்பது புஷ்பராகக் கல். நவரத்தினங்களில் ஒன்றின் பெயரை ஒரு பறவைக்கு வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் புஷ்பராகச் சிட்டு என்று அழைக்கலாம்.

பெயரிலேயே நகை இருக்கிறது. இந்தப் பறவையின் கதையிலும் நகை வருகிறது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

இரண்டு சவரன் எடை

கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா, வெனிசுவேலா, பிரேசில் நாட்டின் வடபகுதி ஆகிய இடங்களில் இந்தச் சிட்டு வாழ்கிறது. கயானா நமக்கு முற்றிலும் அன்னியமான நாடு அல்ல. கரும்புத் தோட்ட வேலைக்காக 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பல ஆயிரம் பேர் கப்பல் ஏறிய நாடு அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

சேவல் சிட்டு, வாலையும் சேர்த்து, ஏறத்தாழ 9 அங்குல நீளம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வால்தான். வாலில் இரண்டு இறகுகள் மட்டும் நீண்டு வளர்ந்து, கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்கும்.

தலை கருப்பு. உடல் சிவப்பு. தொண்டையில் பொன்னும் பச்சையும் கலந்த ஒரு மினுமினுப்பு. எடை எவ்வளவு தெரியுமா? ஒன்றரைச் சவரன் முதல் இரண்டு சவரன் வரைதான்!

பெட்டைச் சிட்டு இன்னும் சிறியது. அது பச்சை நிறமாக இருக்கும். இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பது அதற்கு மிகவும் அவசியம். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்தரத்தில் நிற்கும் வித்தை

புஷ்பராகச் சிட்டு, ரீங்காரச் சிட்டுகளின் குலத்தைச் சேர்ந்தது. சிறகை அடிக்கும்போது வண்டுபோல் ரீங்காரம் கேட்பதால் அந்தக் குலத்துக்கு அந்தப் பெயர். இந்தக் குலத்தில் 350-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. வேறு எங்கும் இல்லை.

இந்தக் குலத்தில் மிகச் சிறியது கியூபா தீவில் இருக்கிறது. அது 2 கிராம் எடைதான். அதோடு ஒப்பிட்டால் நம் புஷ்பராகச் சிட்டு ஒரு பயில்வான்!

இந்தப் பறவைகள் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பின்பக்கமாகவும் பறக்கும். மற்றப் பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் காற்றில் மிதக்கின்றன. ரீங்காரச் சிட்டோ, தோள் மூட்டிலேயே சிறகைத் திருப்பிவிடும். கீழே அடித்தாலும் மேலே அடித்தாலும் காற்று அதைத் தாங்கும். அதனால் பூவின் முன் நின்றபடியே தேன் குடிக்க முடிகிறது.

இப்படிப் பறப்பதற்கு நிறைய பலம் வேண்டும். சில இனங்களுக்கு இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் துடிக்கும். ஆகவே அடிக்கடி தேன் குடித்தாக வேண்டும். தேன் மட்டும் போதாது, பூச்சியும் வேண்டும். உடம்பு வளர்வதற்கான சத்து பூச்சியில்தான் இருக்கிறது.

புஷ்பராகச் சிட்டு பகலில் உயர்ந்த மரங்களின் உச்சியில் தேன் தேடும். மாலையில் ஓடைக்கு இறங்கி வரும். தண்ணீருக்கு மேலே பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். அந்தப் பூச்சிகளில் பல, தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை.

மரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. ஓடையில் இன்னொரு வேளை. இரண்டில் ஒன்று போனாலும் அதற்கு வாழ்வு இல்லை.

ஓடைமேல் ஒரு தொட்டில்

பெட்டைச் சிட்டு கூடு கட்டும் இடத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஓடும் தண்ணீருக்கு நேர் மேலே, தொங்கும் கொடியிலோ மெல்லிய கிளை நுனியிலோ அது கூடு கட்டுகிறது.

பஞ்சுபோன்ற செடி நார்களைச் சேர்த்து, சிலந்தி நூலால் சுற்றிச் சுற்றிப் பிணைக்கிறது. சிறு கிண்ணம்போல் ஒரு கூடு தயாராகிவிடும். சிலந்தி நூல் இழுத்தால் நீளும், எளிதில் அறாது. குஞ்சுகள் வளர வளரக் கூடும் இடம் கொடுக்கும்.

தண்ணீருக்கு மேலே தொங்கும் மெல்லிய கொடி, கனமான மிருகத்தைத் தாங்காது. குரங்கோ பாம்போ ஏறி வருவது எளிதல்ல. இதுதான் தாய்ப் பறவையின் பாதுகாப்பு.

கூட்டில் இரண்டு வெள்ளை முட்டைகள். சுமார் மூன்று வாரம் தாய் அடைகாக்கும். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதும் அதுதான். சேவல் எட்டிப் பார்ப்பதில்லை. தாய் தனியாகவே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. பச்சை உடலோடு இலை மறைவில் அது ஒளிந்திருக்க வேண்டிய காரணம் இதுவே.

நம் வீட்டுத் தேன்சிட்டு

இதைப் படிக்கும்போது நம் ஊர்த் தேன்சிட்டின் ஞாபகம் வரும். வாசலில் உள்ள செம்பருத்தியில் தேன் குடிக்கும் அந்தச் சிறு பறவையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதுவும் சிலந்தி நூலால் கூட்டைப் பிணைக்கிறது. கொடித் துணிபோல் கூடு தொங்கும். அங்கேயும் கட்டுவது பெட்டைதான்.

ஆனால் இரண்டும் உறவு அல்ல! தேன்சிட்டு நம் பக்கத்துக் குருவி இனங்களோடு சேர்ந்தது. ரீங்காரச் சிட்டு வேறு குலம். இரண்டு குலங்களும் வெவ்வேறு கண்டங்களில், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே தொழிலைக் கற்றுக்கொண்டன. பூ எங்கே தேன் வைக்கிறதோ, அங்கே அதைக் குடிக்க ஒரு மூக்கு உண்டாகிறது.

தேனுக்குக் கூலியாக மகரந்தத்தைப் பறவைகள் ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குக் கொண்டுபோகின்றன. அதனால் காய் உண்டாகிறது, விதை உண்டாகிறது, காடு மறுபடி முளைக்கிறது. இரண்டு சவரன் எடையுள்ள சிட்டு, காட்டுக்கு விதை வைக்கும் வேலையில் ஒரு பங்காளி.

சாயம் போகாத இறகு

இப்போது முதல் நகையின் கதைக்கு வருவோம்.

ரீங்காரச் சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவது அல்ல. இறகுக்குள் மிக நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நிறம் தோன்றுகிறது. சோப்பு நுரையில் வானவில் தெரிகிறதே, அதுபோல! சாயம் வெளுக்கும்; இந்த நிறம் எளிதில் வெளுக்காது. பறவை இறந்த பிறகும் இறகு மின்னிக்கொண்டே இருக்கும்.

அதுவே பறவைக்கு எமனாக முடிந்தது.

1851-ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஜான் கோல்ட் என்பவர் ஒரு கண்காட்சி வைத்தார். பாடம் செய்த ஏறத்தாழ 1,500 ரீங்காரச் சிட்டுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. 75,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது கோல்ட் உயிருள்ள ரீங்காரச் சிட்டு ஒன்றைக்கூடப் பார்த்தது கிடையாது! 1857-ல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நின்றிருந்தால் கேடு இல்லை. ஐரோப்பாவில் சீமாட்டிகள் பறவை இறகு வைத்த தொப்பி அணிவது நாகரிகமாயிற்று. முழுச் சிட்டையே தொப்பியில் வைத்துத் தைத்தார்கள். 1860-களில் சிட்டின் தலையைத் தங்கத்தில் பதித்துக் காதணி செய்ததும் உண்டு. லண்டன் ஏலக் கடைகளில் ரீங்காரச் சிட்டின் தோல்கள் ஆயிரக்கணக்கில் விற்பனை ஆயின.

பெண்கள் தொடங்கிய போராட்டம்

அணிந்தவர்கள் பெண்கள். அதை நிறுத்தப் புறப்பட்டவர்களும் பெண்கள்தான்.

1889-ல் மான்செஸ்டர் நகரின் அருகே எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி ஒரு சங்கம் ஆரம்பித்தார். உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிய மாட்டோம் என்று உறுப்பினர்கள் உறுதி எடுத்தார்கள். தீக்கோழி இறகுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்தக் காலத்தில் அந்தப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுக்கூடக் கிடையாது. கேலி செய்தவர்கள் உண்டு. தொழில் நாசமாகும் என்று வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். ஆனாலும் அவர்கள் விடவில்லை. வீடு வீடாகச் சொன்னார்கள். துண்டுப் பிரசுரம் அச்சிட்டார்கள்.

32 ஆண்டுகள் கழித்து, 1921-ல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் இறகு இறக்குமதியைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. 1987 முதல், ரீங்காரச் சிட்டுகள் அனைத்தும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன. உரிய அனுமதி இல்லாமல் அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது.

புஷ்பராகச் சிட்டு இன்று அடியோடு அழிந்துபோகும் நிலையில் இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

இரண்டாவது நகை

இப்போது பறவையை யாரும் சுடுவதில்லை. அது வாழும் கரையைத் தோண்டுகிறார்கள். காரணம், தங்கம்!

கயானா நாடுகளின் பாறைகளில் தங்கம் இருக்கிறது. பல யுகங்களாக மழை அந்தப் பாறைகளை அரித்து, பொன் துகளை ஓடைகளில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆகவே தங்கம் தேடுகிறவர்கள் நேரே ஓடைக்கரைக்குத்தான் போகிறார்கள்.

முதலில் கரை மரங்களை வெட்டுகிறார்கள். பிறகு குழாய் வைத்துத் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கிறார்கள். சேற்றைப் பம்பு வைத்து இழுத்து, முரட்டு விரிப்புப் போட்ட சாய்வுப் பலகையில் ஓட விடுகிறார்கள். பாரமான பொன் துகள் விரிப்பில் தங்கும். சேறு ஆற்றுக்குப் போய்விடும். சில கிராம் பொன்னுக்காக டன் கணக்கில் மண் கரைகிறது.

தெளிந்த ஓடை குழம்பிப் போகிறது. சேற்றில் பூச்சிகளின் குஞ்சுகள் மடிகின்றன. கூடு கட்டக் கொடி இல்லை. பிடித்துத் தின்னப் பூச்சி இல்லை. தாய்ச் சிட்டு எங்கே போகும்?

பாதரசம் செய்யும் கேடு

கேடு சேற்றோடு முடியவில்லை. விரிப்பில் தங்கிய பொன் துகளை ஒன்று சேர்க்கப் பாதரசம் ஊற்றுகிறார்கள். பழைய காய்ச்சல் மானியில் வெள்ளிபோல் ஓடுமே, அதுதான் பாதரசம். அது பொன்னைப் பற்றிக்கொண்டு ஒரு கட்டியாகும். அந்தக் கட்டியை நெருப்பில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிவிடும். பொன் மிஞ்சும்.

ஆவியான பாதரசம் எங்கே போகிறது? சுவாசிக்கிறவன் மார்புக்குள் கொஞ்சம் போகிறது. மற்றது மழையோடு ஆற்றில் விழுகிறது. ஆற்றுச் சேற்றில் உள்ள கிருமிகள் அதை இன்னும் கொடிய விஷமாக மாற்றுகின்றன. அந்த விஷம் சிறு மீனுக்குள் போகிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. பெரிய மீனை மனிதன் தின்கிறான். ஒவ்வொரு படியிலும் விஷம் அதிகமாகிறது.

கர்ப்பிணிப் பெண் அந்த மீனைத் தொடர்ந்து சாப்பிட்டால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை பாதிக்கப்படலாம். சுரினாமுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் எல்லையாக ஓடும் மரோனி ஆற்றின் மேல்பகுதியில் வயானா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மீன்தான் அவர்களுடைய முக்கிய உணவு. அவர்கள் உடலில் பாதரசம் அளவுக்கு மீறி இருப்பதை 1990-கள் முதலே மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். தங்கம் எடுத்தவன் ஒருவன். விஷம் சாப்பிட்டவன் வேறொருவன்.

உலகில் மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில், வேறு எந்தத் தொழிலைக் காட்டிலும் இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களின் பங்கே அதிகம். ஐக்கிய நாடுகள் சபையின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு இப்படிக் கூறுகிறது.

தடுக்க வழி உண்டு

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில், ஒரு தொழிற்சாலையின் கழிவிலிருந்த பாதரசம் மீன்களில் ஏறி, மக்களை முடமாக்கியது. அந்த நோய் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயராலேயே உலக நாடுகள் 2013-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2017-ல் அது அமலுக்கு வந்தது. தங்கம் எடுப்பதில் பாதரசத்தைக் குறைக்க வேண்டும், முடிந்தால் ஒழிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

பிரெஞ்சு கயானாவில் 2006 முதலே இந்தத் தொழிலில் பாதரசத்துக்குத் தடை இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நடக்கிறது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

தங்கம் தோண்டுகிறவர்களில் பலர் ஏழைகள். அவர்களை விரட்டினால் மட்டும் பசி தீராது. பாதரசம் இல்லாமல், ஆடும் மேஜையில் எடை வித்தியாசத்தாலேயே பொன்னைப் பிரிக்கும் முறை இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் காய்ச்சிப் பாதரச ஆவியைத் திரும்பப் பிடிக்கும் கருவியும் இருக்கிறது. இவற்றை மலிவாகக் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியது சர்க்கார்களின் கடமை.

காட்டை ஒதுக்கிக் காப்பதும் நடந்திருக்கிறது. 1989-ல் கயானா நாடு, இவோக்ரமா என்ற இடத்தில் 9 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை உலக நன்மைக்காக ஒதுக்க முன்வந்தது. 1996-ல் அதற்குத் தனிச் சட்டமே போட்டது. சுரினாம் 1998-ல் ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் காட்டைக் காப்புக் காடாக அறிவித்தது. பணக்கார நாடுகள் பல தம் காடுகளை வெட்டித் தீர்த்த பிறகு, இந்தச் சிறு நாடுகள் காட்டிய பெருந்தன்மை பாராட்டத்தக்கது.

நமக்கு என்ன சம்பந்தம்?

எங்கோ உள்ள ஆறு. எங்கோ உள்ள சிட்டு. நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

உலகில் தங்கம் மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. தங்கத்தை உருக்கிவிட்டால் அது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே வாங்கினாலும் உலகச் சந்தையில் விலை ஏறுகிறது. விலை ஏற ஏறக் காட்டுக்குள் தோண்டுகிறவர்கள் பெருகுகிறார்கள்.

நகையே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நம் குடும்பங்களில் நகை வெறும் ஆடம்பரம் அல்ல. பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போய் வருவது அதுதான். ஏழை வீட்டின் பாங்கு அது.

ஆனால் நம்மிடமே ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாட்டியின் பழைய அட்டிகையை அழித்துப் பேத்திக்குச் சங்கிலி செய்வது! தேய்ந்த மோதிரத்தையும் அறுந்த கம்மலையும் போட்டு வளையல் செய்வது! தங்கம் துருப்பிடிப்பதில்லை; பழையதாவதில்லை. அழித்துச் செய்த நகைக்குப் புதிதாக ஒரு பிடி மண்ணையும் தோண்ட வேண்டியதில்லை. ஊரார் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கிப் புதுத் தங்கம் பூட்டுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். கடனும் மிச்சம், காடும் மிச்சம்.

அன்று தொப்பியில் செத்த பறவை வேண்டாம் என்று முடிவு செய்தது பாராளுமன்றம் மட்டும் அல்ல. அதற்கு முன்பே பல வீடுகளில் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். சட்டம் பின்னால் வந்தது. தங்கத்தின் விஷயத்திலும் சர்க்கார்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கல்யாணப் பேச்சில், எத்தனை சவரன் என்று கேட்கும்போதே முடிவு செய்ய வேண்டியது குடும்பங்கள்தான்.

இரண்டு சவரன் தங்கத்தைத் தட்டான் எப்போது வேண்டுமானாலும் உருக்கி வார்க்கலாம். அதே எடையுள்ள சிட்டை எந்தத் தட்டானாலும் செய்ய முடியாது. ஓடையும், கரையும், கொடியும், சிலந்தி நூலும் சேர்ந்துதான் அதைச் செய்ய வேண்டும். அந்தப் பட்டறையை இடிக்காமல் விட்டுவைப்பதே மனிதன் செய்யக்கூடிய உதவி.